தொற்றுநோய் அவசர உத்தரவு: போடுபவர் அரசு, நிறுத்துபவர் யார்?

மாட்டுங்கா வாசி

வணக்கம். நிதி ஆயோக் அமைத்த நிபுணர் குழு 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை கொடுத்தது. அடுத்த பெருந்தொற்று வந்தால் முதல் 100 நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதன் மையம், அதற்காகப் பொது சுகாதார அவசரநிலைக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் சட்ட ஆணையமும் தன் 286வது அறிக்கையில் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று எழுதியது. புதுச் சட்டம் வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் அரசுக்கு என்ன அதிகாரம் கொடுப்பது என்று பேசுகிற அளவுக்கு, அந்த அதிகாரம் எத்தனை நாள் செல்லும், யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தரவு போட்ட அன்றே அமலுக்கு வரட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 30 நாளுக்குள் சட்டமன்றம் கூடி விவாதித்து ஒப்புதல் தராவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிட வேண்டும்.

இதை மும்பையில் இருப்பவர்கள் பேச ஒரு காரணமும் இருக்கிறது. 1897 சட்டம் இந்த ஊருக்காகப் போட்ட சட்டம். 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் வந்திருக்கிறது என்று டாக்டர் வியேகாஸ் கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த மாதமே மாநகராட்சி, நோயாளிகளை வீட்டிலிருந்து பலவந்தமாகப் பிரித்துக் கொண்டுபோக ஆரம்பித்தது, மில் தொழிலாளர்கள் ஆத்திரத்தில் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அந்தக் கலவரச் சூழலில் கல்கத்தாவில் வைஸ்ராய் சபையில் ஜனவரி கடைசியில் மசோதா வந்து, பிப்ரவரி 4ஆம் தேதி சட்டமாகிவிட்டது. ஒரு வாரம். மொத்தம் நாலே பிரிவு. அரசு தனக்குத் தேவை என்று தோன்றும் எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்ததற்கு யார் மீதும் வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான் அதன் சாரம். எது ஆபத்தான கொள்ளைநோய் என்று வரையறை இல்லை, காலக்கெடு இல்லை, எந்த அவையின் முன்பும் வைக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் மக்களைக் கேட்காமல் ஆண்ட காலத்தில் எழுதியது அப்படித்தான் இருக்கும். ஆனால் சுதந்திரம் வந்து 70 ஆண்டுக்கு மேல் கழித்து 2020 மார்ச்சில் மகாராஷ்டிரா கோவிட் விதிமுறைகள் போட்டதும் இதே சட்டத்தின் கீழ்தான்.

தாராவி நெல்லைக்காரன்

அண்ணே, நல்ல விஷயம் ஆரம்பித்திருக்கிறீர்கள். சட்டப் புத்தகம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 1 தாராவியில் முதல் நோயாளி. அதற்கப்புறம் கல்லி கல்லியாக, அதாவது சந்து சந்தாக, மூங்கில் கட்டி அடைத்தார்கள். அடைத்தது சரிதான், பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர், பொதுக் கழிப்பறை, நோய் பரவினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் எந்த கல்லி எந்தத் தேதியில் திறக்கும் என்று எழுதி ஒட்டிய காகிதத்தை நான் பார்க்கவில்லை. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் போலீஸ்காரரிடம் கேட்டால் வார்டு ஆபீஸில் கேள் என்பார், வார்டு ஆபீஸுக்குப் போக மூங்கிலைத் தாண்ட வேண்டும். எங்கள் தெருவில் இட்லி போட்டு சைக்கிளில் விற்கும் ஒருவர், அடைப்பு முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே மாவு ஆட்டி, விடியற்காலை கிளம்பி, அடி வாங்கித் திரும்பினார். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். அவர் எந்த உத்தரவை மீறினார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. உத்தரவு எண் என்ன, தேதி என்ன, எதுவும் கிடையாது.

ஊரில் சாத்தான்குளத்தில் நடந்ததை மறந்துவிட முடியுமா. 2020 ஜூன், கடையை ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போன அப்பாவும் மகனும் பிணமாகத்தான் வந்தார்கள். செல்போன் கடை. அதைக் கேட்டு தாராவியில் எத்தனை வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை தெரியுமா, எங்கள் பக்கத்து ஆட்கள் அவர்கள். மேலே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், அது கீழே லத்தி வைத்திருப்பவர் கைக்கு வரும்போது வேறாக இருக்கிறது. சட்டமன்றம் 30 நாளில் ஓட்டுப் போட்டால் இது நிற்குமா? அதைச் சொல்லுங்கள்.

பரேல் நர்ஸ்

நான் இந்த ஊரில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். தம்பி சொன்ன கொடுமையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மாட்டுங்கா சாரின் 30 நாள் கணக்கை என்னால் ஏற்க முடியாது.

2021 ஏப்ரலில் ஆக்சிஜன் அழுத்தம் குறைய ஆரம்பித்தால் வார்டில் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தவள் நான். ஃப்ளோ மீட்டரில் அந்தச் சின்னக் குண்டு கீழே இறங்கும், நாங்கள் ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு சிலிண்டரை உருட்டுவோம். அந்த நேரத்தில் முடிவெடுக்க ஒரு கை வேண்டும், 288 பேர் கூடிப் பேசும் அவை உதவாது.

இன்னொன்று. 2020 மே மாதம் மகாராஷ்டிரா அரசு தனியார் மருத்துவமனைகளின் 80 சதவீதப் படுக்கைகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, கட்டணத்துக்கும் உச்சவரம்பு போட்டது. சாதாரண வார்டுக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், வென்டிலேட்டர் இல்லாத ஐசியுவுக்கு 7,500, வென்டிலேட்டரோடு 9,000. அது இல்லாவிட்டால் நடுத்தரக் குடும்பங்கள் வீட்டை விற்றிருக்கும். அந்த உத்தரவு 30 நாளில் சட்டமன்ற ஓட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கு எம்எல்ஏக்களைத் தெரியாதா? தாராவிப் பொதுக் கழிப்பறையை நாளுக்கு எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதற்கு யாரும் லாபி செய்ய மாட்டார்கள், ஆஸ்பத்திரி கட்டணத்துக்குச் செய்வார்கள். எந்த உத்தரவு முதலில் காலாவதியாகும் என்று நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் இதைத்தான் பார்த்தோம். நோயைவிட அரசியல் கோபத்தில் சுகாதார அதிகாரிகளின் கையைக் கட்டினார்கள்.

ஃபோர்ட் வக்கீல்

அக்கா சொன்ன அமெரிக்க விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடந்தன.

கென்டக்கியில் 2021இல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆளுநரின் அவசர உத்தரவுகள் 30 நாள்தான், அதற்கு மேல் போக அவையின் ஒப்புதல் வேண்டும். ஆளுநர் வழக்குப் போட்டார், ஆகஸ்ட்டில் மாநில உச்சநீதிமன்றம் அவையின் பக்கம் நின்றது. செப்டம்பரில் டெல்டா அலை உச்சத்தில் இருக்கும்போது ஆளுநர் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அவை மூன்று நாளில் கூடி அவசரநிலையை அடுத்த ஜனவரி வரை நீட்டித்தது, கூடவே பள்ளிகளில் மாநிலம் முழுக்க முகக்கவசம் கட்டாயம் என்பதை ரத்தும் செய்தது. பென்சில்வேனியாவில் அதே ஆண்டு மே மாதம் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, பேரிடர் அறிவிப்பு 21 நாளுக்கு மேல் போனால் சட்டமன்றம் ஒப்ப வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டார்கள்.

இவை காலத்துக்குப் போட்ட வரம்பு. ஒஹாயோ இன்னும் ஒரு படி போனது. 2021 மார்ச்சில் ஆளுநரின் மறுப்பை மீறி நிறைவேற்றிய சட்டத்தில், நோய் உறுதியாகாத, நோயாளியோடு நேரடித் தொடர்பில்லாத ஆட்களைத் தனிமைப்படுத்தும்படி உள்ளூர் சுகாதார வாரியங்கள் பொதுவான உத்தரவு போடக் கூடாது என்றும் வைத்தார்கள். இது மருத்துவத்துக்கே வரம்பு போடுவது. அடுத்து வரும் நோய் எப்படிப் பரவும் என்று தெரியாமலே, எப்படித் தடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஆபத்து. அக்கா பயப்படுவது ஒஹாயோ வகை என்றால் நானும் அவர் பக்கம்தான். மாட்டுங்கா சார் கேட்பது கென்டக்கி வகை.

நம் அரசமைப்பில் இதற்கு உதாரணம் தேட அமெரிக்கா போக வேண்டாம். 352வது பிரிவின்படி போர் வந்து குடியரசுத் தலைவர் அவசரநிலை அறிவித்தாலும் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும், அதுவும் வெறும் பெரும்பான்மை போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப ஒப்ப வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் அதை நீக்கச் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். 1975 அவசரநிலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு 44வது திருத்தத்தில் இதையெல்லாம் இறுக்கினார்கள். போருக்கே இவ்வளவு காவல். 2020இல் நாடு முழுக்க வீட்டுக்குள் இருந்தது 352இன் கீழ் இல்லை, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில். அந்தச் சட்டத்தில் விதிகளை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று இருக்கிறது, உத்தரவுகளை வைக்கச் சொல்லவில்லை. வந்ததெல்லாம் உத்தரவு. மார்ச் 23 நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, மறுநாள் இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு, அவை திரும்பக் கூடியது செப்டம்பர் 14. கேள்வி நேரம் இல்லாமல். அந்த ஆண்டு குளிர்காலக் கூட்டமே நடக்கவில்லை. காணொளியில் நிலைக்குழுவையாவது கூட்டுங்கள் என்று உறுப்பினர்கள் கேட்டதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

டோம்பிவிலி தையல்காரர்

லோக்கல் ரயில் கதையை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். இந்த ஊரில் அரசின் அதிகாரம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசி போட்டு 14 நாள் ஆனவர்கள் மட்டும் லோக்கலில் போகலாம் என்று உத்தரவு. அதற்கும் ஆரம்பத்தில் மாத பாஸ்தான், ஒரு நாள் டிக்கெட் கிடையாது. ஸ்டேஷனில் மேசை போட்டு சான்றிதழ் பார்த்து முத்திரை குத்துவார்கள், அப்புறம் கவுன்டரில் பாஸ். என் கூட வேலை பார்த்த பையனுக்கு அப்போது 26 வயது. மே மாதம் 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஊசி என்றார்கள், கையிருப்பில் ஊசி இல்லாமல் மகாராஷ்டிரா சில நாளிலேயே 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு நிறுத்திவைத்தது, ஜூன் கடைசியில்தான் திரும்ப ஆரம்பித்தது. அவன் ஜூலையில் முதல் ஊசி போட்டான். கோவிஷீல்டுக்கு இரண்டாவது ஊசி 84 நாள் கழித்துத்தான் என்று மத்திய அரசு விதி. ஆக, அரசு சொன்ன தேதியில், அரசு சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டு, அரசு சொன்ன இடைவெளிக்குக் காத்திருந்தவன் அக்டோபர் வரைக்கும் ரயில் ஏற முடியாது. டோம்பிவிலியிலிருந்து தாதருக்கு பஸ்ஸில் வந்து போனால் போக்குவரத்திலேயே நாள் முடிந்துவிடும், கூலியில் பாதி டிக்கெட்டுக்குப் போய்விடும். கடை முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

இதை ஒரு அவையில் ஒரே ஒரு எம்எல்ஏ எழுந்து கேட்டிருந்தால் போதும். ஊசி இடைவெளி 84 நாள் என்று வைத்துவிட்டு இரண்டு ஊசி கேட்பது எப்படி என்று. மந்திரிக்குப் பதில் இருந்திருக்காது.

மாட்டுங்கா வாசி

டோம்பிவிலி அண்ணன் சொன்னதுதான் நான் கேட்பதன் மொத்த நியாயமும். இதன் பின்கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உத்தரவுகளை எதிர்த்து பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். 2022 பிப்ரவரியில் தலைமை நீதிபதி திபாங்கர் தத்தா அமர்வு பார்த்தபோது, அந்த உத்தரவுகள் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சொல்லும் மாநிலச் செயற்குழு கூடி எடுத்த முடிவே இல்லை, அப்போதைய தலைமைச் செயலாளர் தனியாகக் கையெழுத்திட்டவை, சட்டம் சொன்ன நடைமுறைப்படி இல்லை என்று தெரிந்தது. அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. பெற்றுவிட்டு, புது உத்தரவில் அதே நிபந்தனையை வைத்தது. ஏப்ரல் 1இல் எல்லாக் கட்டுப்பாடும் போனபோதுதான் அதுவும் போனது.

கோடிக்கணக்கான பேர் ரயில் ஏறலாமா கூடாதா என்பதை ஒரே ஒருவர் கையெழுத்து ஆறு மாதத்துக்கு மேல் தீர்மானித்திருக்கிறது. கோர்ட் வந்து சேர அவ்வளவு காலம் ஆகிறது, வந்தாலும் நடைமுறை சரியா என்றுதான் முதலில் பார்க்கும். 84 நாள் கேள்வியை அவைதான் கேட்க முடியும்.

பட்ஜெட் கூட்டத்தை விட்டால், அந்தக் காலத்தில் நம் சட்டமன்றம் எத்தனை நாள் கூடியது தெரியுமா? 2020 செப்டம்பரில் இரண்டு நாள். டிசம்பரில் இரண்டு நாள். 2021 ஜூலையில் இரண்டு நாள், அதிலும் முதல் நாளே 12 உறுப்பினர்கள் சஸ்பெண்ட். ரயில் உத்தரவு வந்தது அதற்குப் பிந்தைய வாரங்களில்.

நர்ஸ் அக்காவுக்கு: உங்கள் படுக்கைக் கட்டண உத்தரவையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆகஸ்ட் 31 வரை என்று தேதி போட்டிருந்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். அதாவது முடிவுத் தேதி வைத்தால் நிர்வாகம் செத்துவிடாது என்பதை அந்த உத்தரவே காட்டுகிறது. லாபி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் இப்போது அந்த லாபி மந்திரி அறைக்குள் யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. 4,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க ஒரு எம்எல்ஏ கையைத் தூக்கினால் அவர் தொகுதியே பார்க்கும்.

செம்பூர் பழையவன்

ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான், கோப்பு எப்படி நகரும் என்று தெரியும். எனக்கு ஒரே சந்தேகம்தான். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறது, கொறடா உத்தரவு இருக்கிறது, மீறினால் பதவி போகும். 30 நாளுக்கு ஒரு தடவை கூடி ஆமாம் போடுவார்கள், அதற்கப்புறம் அந்த உத்தரவுக்கு மக்கள் மன்றமே ஒப்புதல் தந்தது என்ற முத்திரை வேறு கிடைத்துவிடும். கோர்ட்டும் கொஞ்சம் பின்வாங்கும். இப்போது இருப்பதைவிட அது மோசமாகாதா?

ஃபோர்ட் வக்கீல்

சார், உங்கள் கவலை சரியானதுதான், பிரிட்டனிலும் இதையே சொன்னார்கள். அங்கே 2020இன் கொரோனா சட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவை பார்க்க வேண்டும், இரண்டு ஆண்டில் சட்டமே முடிந்துவிடும் என்று வைத்தார்கள். ஊரடங்கு விதிகள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாக வந்தன, அவற்றுக்கும் 28 நாளுக்குள் ஒப்புதல் தேவை. எல்லா ஓட்டிலும் அரசு ஜெயித்தது. ஆனால் 2021 டிசம்பரில் கோவிட் பாஸ், அதாவது ஊசி போட்டதற்கோ நோய் இல்லை என்பதற்கோ காட்ட வேண்டிய சான்று, ஓட்டுக்கு வந்தபோது ஆளுங்கட்சி எம்பிக்கள் கிட்டத்தட்ட 100 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், எதிர்க்கட்சி ஆதரவில்தான் நிறைவேறியது. அதற்குப் பின் அடுத்த கட்டுப்பாடு கொண்டுவர அந்த அரசு எவ்வளவு யோசித்திருக்கும்? ஜனவரியில் அந்தப் பாஸையும் எடுத்துவிட்டார்கள்.

அங்கே கொறடாவை மீறினால் பதவி போகாது, இங்கே போகும். அதனால் நம் சட்டத்தில் ஒப்புதல் ஓட்டு மட்டும் போதாது, உத்தரவோடு சேர்த்துக் காரணங்களையும், எந்த மருத்துவ ஆதாரத்தில் போட்டார்கள் என்பதையும் அவையின் முன் வைக்க வேண்டும் என்று இருக்க வேண்டும். காரணம் எழுத்தில் இருந்தால் கோர்ட்டுக்கும் பிடி கிடைக்கும். 2020 அக்டோபர் 1 தீர்ப்பைப் பாருங்கள். குஜராத் அரசு, தொற்றைக் காரணம் காட்டி ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது என்று அறிவிக்கை போட்டது. அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த பொது அவசரநிலை என்ற பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, தொற்றால் வந்த பொருளாதார நெருக்கடி நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் உள்நாட்டுக் குழப்பம் ஆகாது என்று சொல்லி, தொழிலாளர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்தப் பிரிவில் எதெல்லாம் அவசரநிலை என்று வரையறை இருந்தது, அதனால் பிடிக்க முடிந்தது. 1897 சட்டத்தில் பிடிக்க எதுவுமே இல்லை.

நியூசிலாந்தில் கோவிட் சட்டத்தை 90 நாளுக்கு ஒரு தடவை அவை நீட்டிக்காவிட்டால் சட்டமே போய்விடும் என்று வைத்தார்கள். ஜெர்மனியில் நாடு தழுவிய தொற்று நிலை இருக்கிறதா என்று அறிவிப்பதே நாடாளுமன்றம்தான், 2021இல் அதையும் மூன்று மாதத்துக்கு மேல் தானாக நீளாதபடி செய்தார்கள். இந்த இரண்டு நாடும் நோயைக் கட்டுப்படுத்துவதில் தளர்ந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தாராவி நெல்லைக்காரன்

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை வக்கீல் சார். அவை ஓட்டுப் போடட்டும். கல்லி முனையில் நிற்பவருக்கு என்ன வரம்பு?

ஃபோர்ட் வக்கீல்

மன்னிக்கணும் தம்பி. அதற்கு வேறு வழி வேண்டும். இப்போது உத்தரவை மீறினால் போலீஸ் வழக்கு, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 188, 2024 ஜூலைக்குப் பின் நியாய சன்ஹிதா 223. புதுச் சட்டத்தில் தண்டனையும் அதிகம், ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து வரும்படி மீறினால் ஓராண்டு வரை சிறை. இதில் கைது செய்ய முடிகிறது, அங்கேதான் லத்தி நுழைகிறது. தமிழ்நாட்டில் ஊரடங்கு மீறலுக்குப் போட்ட வழக்குகள் சுமார் 10 லட்சம், 2021 பிப்ரவரியில் அவற்றைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மகாராஷ்டிராவும் 2022 மார்ச்சில் 188 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. இவ்வளவு லேசாகத் திரும்பப் பெற முடிந்த வழக்குக்கு முதலில் கைது எதற்கு? சாதாரண மீறலுக்கு அபராதச் சீட்டு மட்டும், கைது கூடாது, நல்லெண்ணப் பாதுகாப்பு அடிக்கிறவருக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அடைப்பு போட்டால் உத்தரவு எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, யாரிடம் முறையிடுவது, இந்த நாலும் மராத்தியிலும் அந்தப் பகுதி மக்கள் பேசும் மொழியிலும் கல்லி முனையில் ஒட்ட வேண்டும். ஒட்டாத உத்தரவு செல்லாது.

பரேல் நர்ஸ்

கடைசியாகச் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. தாராவியில் நோய் அடங்கியது லத்தியால் இல்லை என்பதை நான் எங்கேயும் சொல்வேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம், உள்ளூர் டாக்டர்கள் கிளினிக்கைத் திறந்தார்கள், பள்ளிக்கூடங்களைத் தனிமை முகாமாக்கிச் சாப்பாடு போட்டார்கள், கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்தால் ஆட்கள் தாங்களே முன்வந்து காய்ச்சல் என்று சொல்வார்கள். பயம் இருந்தால் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள், அப்படி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், கடைசிக் கட்டத்தில்.

2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் இடது புறங்கையில் அழியாத மையில் முத்திரை குத்தினார்கள், மும்பைக்காரர்களைப் பாதுகாப்பதில் பெருமை என்ற வாசகத்தோடு, தேதியோடு. நோக்கம் நல்லது. ஆனால் அந்தக் கையோடு ரயிலில் இருந்தவர்களைச் சக பயணிகள் புகார் சொல்லி இறக்கவைத்தார்கள். 1897இல் பிளேக்கைத் தேடுகிறோம் என்று புனேயில் வீடு புகுந்து பெண்களைச் சோதித்ததில் ஊரே கொதித்து, பிளேக் கமிஷனர் ராண்டைச் சுட்டுக் கொல்லும் வரை போனது. உடம்பைத் தொடுகிற உத்தரவு எதுவானாலும் அதற்கு மற்றவற்றைவிடக் கடுமையான காவல் வேண்டும், இதில் நான் உங்கள் எல்லோரையும்விடப் பிடிவாதமாக இருப்பேன். 2022 மே 2இல் உச்சநீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னது. ஊசியை நம்புகிறவள் நான், ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன், ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி.

ஆனால் 30 நாள் என்பது எனக்கு ஒப்பவில்லை. அலை ஏறி இறங்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உச்சத்தில் இருக்கும்போது ஓட்டு வந்தால் கென்டக்கியில் முகக்கவசத்துக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். 45 நாள் வையுங்கள். அப்புறம் படுக்கை, ஆக்சிஜன், மருந்து, கட்டணம், இந்த நாலு பற்றிய உத்தரவு அவை கூடாததால் மட்டும் சாகக் கூடாது, அவை எதிர்த்து ஓட்டுப் போட்டால்தான் சாக வேண்டும். மக்களை அடைக்கிற உத்தரவு வேறு, ஆஸ்பத்திரிக்கு ஆணையிடுகிற உத்தரவு வேறு. இரண்டுக்கும் ஒரே கெடு வைக்காதீர்கள்.

மாட்டுங்கா வாசி

அக்கா, இந்தப் பிரிப்பு நன்றாக இருக்கிறது, நான் இப்படி யோசிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆட்களின் நடமாட்டத்தையும் பிழைப்பையும் கட்டுகிற உத்தரவு அவை ஒப்பாவிட்டால் சாக வேண்டும், ஆஸ்பத்திரிகளுக்குப் போடும் உத்தரவு அவை மறுத்தால்தான் சாக வேண்டும். ஆனால் முதல் வகைக்கு 45 நாள் தர எனக்கு மனம் வரவில்லை. 2020 ஏப்ரல் 14, ஊரடங்கு மே 3 வரை நீட்டிப்பு என்று அறிவித்த அன்று பாந்த்ரா ஸ்டேஷனுக்கு வெளியே ஊருக்குப் போக வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கூடினார்களே, அப்போது 21 நாள்தான் ஆகியிருந்தது. கையில் காசு தீர அவ்வளவுதான் ஆகும். தினக்கூலிக்காரனுக்கு 30 நாளே அதிகம். அவை கூட முடியாத நிலை என்றால் எல்லாக் கட்சியும் உள்ள ஒரு குழு காணொளியில் கூடட்டும், அதன் நடவடிக்கை முழுக்க மக்கள் பார்க்கும்படி ஒளிபரப்பாகட்டும்.

டோம்பிவிலி தையல்காரர்

30தான் என் ஓட்டு. கூடவே ஒரு வரி சேருங்கள். பிழைப்பை நிறுத்துகிற உத்தரவோடு, பிழைப்பு நின்றவனுக்கு அரசு என்ன தரும் என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். எண் போட்டு, தொகை போட்டு.

செம்பூர் பழையவன்

இதை மனுவாக எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், மராத்தியில் எழுதித் தரவும் தயார். டிசம்பரில் நாக்பூரில் நடக்கும் சட்டமன்றக் குளிர்காலக் கூட்டத்துக்கு முன்னால் நம் எம்எல்ஏக்கள் கையில் போய்ச் சேர வேண்டும். ஆனால் சட்டம் போடுவது மாநிலமா மத்தியா என்பதை முதலில் தெளிவாக்குங்கள், இல்லையென்றால் மும்பையில் கொடுத்தால் டெல்லி என்பார்கள், டெல்லியில் கொடுத்தால் மும்பை என்பார்கள்.

ஃபோர்ட் வக்கீல்

சார், பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் 6வது இனம். அதனால் மகாராஷ்டிரா தானாகவே சட்டம் போடலாம், கர்நாடகா 2020இலேயே தனக்கென்று தனித் தொற்றுநோய்ச் சட்டம் போட்டுக்கொண்டது. தொற்று மாநிலம் விட்டு மாநிலம் பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் 29வது இனம், அதில் மத்திய அரசும் வரும். சிக்கல் இருப்பது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 72வது பிரிவில், மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் இதுதான் செல்லும் என்கிறது. நாம் இங்கே எவ்வளவு நல்ல கெடு வைத்தாலும் டெல்லி அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டால் நம் கெடு நிற்காது. ஆகவே இரண்டு மனு வேண்டும். எம்எல்ஏக்களுக்கு மாநிலச் சட்டம் கேட்டு ஒன்று, எம்பிக்களுக்கு அந்த 2005 சட்டத்தில் உத்தரவுகளையும் அவையின் முன் வைக்கச் சொல்லித் திருத்தம் கேட்டு இன்னொன்று. முதலாவதின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன். 30ஆ 45ஆ என்ற இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன், அக்காவும் டோம்பிவிலி அண்ணனும் அதற்குள் பேசி முடிவு சொல்லுங்கள்.